கதவைக் கூப்பிட்டது யார்

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிற சத்தியம். அது போதாது என்பவர்களுக்காக, கடைமடைக்கு வந்து சேரும் காவிரித் தண்ணீர் மேலும் ஆணை. தண்ணீர் வராத வருஷத்துக்கு மட்டும் ஆணை செல்லாது. ஆள் பெயரையோ தேதியையோ மாற்றவில்லை. மீனின் நீளத்தைக்கூடக் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறது.

1986-ஆம் வருஷம். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்று காரைக்காலில் ஓர் அலுவலகம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து உப்புக் கிடங்குதான் கட்டடம். சுவரை நக்கினால் அப்போதும் கரித்தது. அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் சிவசுப்பிரமணியன். வயது நாற்பத்தாறு, வீடு கோவில்பத்து, வாகனம் சைக்கிள். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவரும், அவருக்குக் கீழே திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் கமர் நிஷா என்ற பெண்ணும், ஆக இரண்டே பேர்.

மெஷின் வந்ததே ஒரு திருவிழா. அதன் கனத்தை ஆற்றுப்பாலம் தாங்காது என்று கிளிஞ்சல்மேட்டு விசைப்படகு இரண்டைச் சேர்த்துக் கட்டிக் கடல் வழியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மெஷினுக்குச் சூடு ஆகாது என்று அறைக்குக் குளிர்சாதனம் போட்டார்கள். அக்கினி நட்சத்திரத்தில் அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியில் பனி உறைந்தது. கமர் நிஷா முக்காட்டுக்கு மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டுதான் உட்காருவாள். பிரிண்டர் ஓடத் தொடங்கினால் கிளிஞ்சல்மேட்டில் இடி என்று நினைத்துப் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். கடைசியில் பிரிண்டர் ஓடும் நேரத்தைச் சுற்றறிக்கையாக மீனவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

மெஷின் செய்ய வேண்டிய வேலை இதுதான். நாள்தோறும் மாலையில் ஒரு தாள் அச்சடிக்க வேண்டும். மறுநாள் எந்த வாய்க்கால் ஷட்டரை எத்தனை மணி நேரம் திறப்பது என்று அதில் இருக்கும். லஸ்கர் தங்கையன் அந்தத் தாளை வாங்கிப்போய், அதில் கண்டபடி ஷட்டரைத் திறந்து மூடுவார். லஸ்கருக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை.

இந்த புரோகிராம் வெளியூரிலிருந்து வந்தது. வந்தபோது அதற்கு விடுமுறை என்றால் என்னவென்றே தெரியாது. சிவசுப்பிரமணியன்தான் கேட்டார்: "ஆபீஸ் மூடியிருக்கிற நாள்ல தாள் யாரு அடிக்கிறது?" நியாயமான கேள்வி. விடுமுறை வந்தால் அந்த நாளுக்கும் அதற்கு அடுத்த நாளுக்கும் சேர்த்து முன்கூட்டியே தாள் அடித்துவிட வேண்டும் என்று அவரே ஒரு ரொட்டீன் எழுதினார். ரொட்டீன் என்பது ஒரு பெரிய வேலைக்குள் ஒரு சின்ன வேலையை மட்டும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு செய்யும் துண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரும், வேலையை முடிக்கும், கூப்பிட்ட இடத்துக்கே திரும்பிப் போகும்.

அந்த ரொட்டீனுக்குள் விடுமுறைப் பட்டியலை அவர் பெருமையோடு ஏற்றினார். இந்தியா முழுக்க ஆகஸ்டு பதினைந்தோடு கொடியை மடித்து வைத்துவிடுவார்கள். நமக்கு மட்டும் பதினாறும் உண்டு. பிரெஞ்சுக்காரர் சட்டப்படி நம்மை ஒப்படைத்த நாள். "அடுத்த ஊர்க்காரன் எழுதின புரோகிராமுக்கு இது தெரியுமாய்யா?" என்று டீக்கடையில் நான்கு பேர் கேட்கச் சொன்னார்.

இன்னொரு சட்டமும் அவர் போட்டதுதான். ஒவ்வொரு ரொட்டீன் பேருக்கு முன்னாலும் எழுதியவரின் இனிஷியல் இருக்க வேண்டும். "நாளைக்குத் தப்பு வந்தா யாரு தப்புன்னு தெரியணும் இல்லையாம்மா?" என்றார். அதன்படி அவர் எழுதியது 'எஸ்.எஸ். லீவு'. ஷட்டருக்கு மணி நேரம் போடும் ரொட்டீன் கமர் நிஷா எழுதியது. அது 'கே.என். கதவு'. ஒருமுறை கூப்பிட்டால் அது தாளில் ஆறு மணி நேரம் கூட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஆகஸ்டு பதினொன்று, திங்கட்கிழமை, மெஷின் வேலையில் இறங்கியது. நான்கு நாள் குறையே இல்லை. மூன்றாம் நாளே ஏழாம் நம்பர் வாய்க்கால் விவசாயிகள் திரண்டு வந்து சிவசுப்பிரமணியனுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். போர்த்தியவர் இளையபெருமாள் என்ற பெரிய சம்சாரி. "இனிமே தண்ணிக்கு நாங்க மம்பட்டியத் தூக்க வேண்டாம். கம்ப்யூட்டர் ஐயா இருக்காரு" என்றார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு அதுதான் பெயர்.

பதினான்காம் தேதி மாலையும் தாள் அச்சாயிற்று. மறுநாள் வெள்ளி, சுதந்திர தினம். அதற்கு மறுநாள் சனி, ஒப்படைப்பு நாள். அதற்கு மறுநாள் ஞாயிறு. சேர்ந்தாற்போல மூன்று விடுமுறை.

ஏழாம் நம்பர் ஷட்டர் வெள்ளிக்கிழமை இருபத்திநாலு மணி நேரம் திறந்தே கிடந்தது. சம்பாவுக்கு விதை விட்டு மூன்றே நாளான நாற்றங்கால் அத்தனையும் முங்கிப்போயின. இளையபெருமாள் நாற்றங்காலில் விரால் துள்ளியது. அதில் ஒன்று ஆறடி. வரப்பைத் தாண்டி, கொல்லைப்புறமாக வந்து, அடுப்படி வாசலில் படுத்துக்கொண்டது. முளை விட்ட விதை மட்டும் மிதந்து கடலுக்குப் போயிற்று. சனிக்கிழமை காலையில் ஊர் திரண்டு அலுவலகத்துக்கு ஓடியது. அலுவலகம் பூட்டியிருந்தது. விடுமுறை.

ஈ.ஈ. என்கிற செயற்பொறியாளர் குஞ்சிதபாதம் வீட்டிலிருந்தே ஜீப்பை அனுப்பி, கம்ப்யூட்டர் பிரிவு இருவரையும் வரவழைத்தார். அந்த வருஷம் பக்ரீதும் அந்த மூன்று நாளுக்குள்தான் வந்தது. கமர் நிஷா கறி நறுக்கிய கையைக் கழுவிய ஈரத்தோடு வந்து நின்றாள். குஞ்சிதபாதம் தாளை மேஜையில் தட்டினார். அடியில் 'கே.என். கதவு – 24' என்று இருந்தது.

"யாரும்மா இந்த கே.என்.?"

"நான்தான் சார்."

"வாய்க்காலுக்கு ஆறு மணி நேரம். நீ நாலு ஆறு போட்டிருக்கே. ஊரையே முக்கிட்டியே!"

"சார், கதவு தானா எதுவும் பண்ணாது. யாராச்சும் கூப்பிட்டாத்தான் ஆறு கூட்டும். நாலு தடவை யாரோ கூப்பிட்டிருக்காங்க."

"யாரோன்னா? பேயா? சிவசுப்பிரமணியன், கூப்பிடறது உங்க ரொட்டீன்தானே?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கூப்பிடும் சார்" என்றார் சிவசுப்பிரமணியன். "அந்தந்த நாள் தேதியில தனித்தனியா விழணும். ஒரே நாள்ல நாலு விழுந்திருக்குன்னா, அது அந்தப் பொண்ணு பக்கம்தான்."

அந்த நேரத்தில் அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விஷயத்தைப் பற்றி அவர் நேர்மையாகச் சொன்ன கடைசி வாக்கியம், அடுத்த பதினைந்து நாளைக்கு, அதுதான்.

கமர் நிஷா தற்காலிக ஊழியர். நிரந்தர உத்தரவு செப்டம்பரில் வர வேண்டும். குஞ்சிதபாதம் சுருக்கமாக முடித்தார். "ஒண்ணாந்தேதி விசாரணை. உன் மேல தப்பில்லேன்னு அதுக்குள்ள காட்டு. இல்லேன்னா உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை காலை சிவசுப்பிரமணியன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். ராட்டினத்துக்கு எண்ணெய் போடச் சொல்லி அவர் மனைவி கல்யாணசுந்தரி கேட்டு நாளாகியிருந்தது. அது கிறீச்சிட்டது.

"நாளைக்குப் போடறேன்."

"நேத்தும் நாளைக்குன்னீங்க. முந்தாநாளும் நாளைக்குன்னீங்க. உங்க நாளைக்கு நகரவே நகராதாங்க?"

சொம்பு பாதித் தலையில் நின்றது. நாளைக்கு விடுமுறையா, அப்படியானால் அதற்கு மறுநாளைப் பார் என்று அவருடைய லீவு ரொட்டீன் தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும். ஒரு விடுமுறைக்குத் தேதியை ஒன்று நகர்த்தியிருந்தார். விடுமுறைக்குள் விடுமுறை வந்தால் நகர்த்தத் தவறிவிட்டார். லீவு லீவைக் கூப்பிட்டது, அந்த லீவு இன்னொரு லீவைக் கூப்பிட்டது. ஒவ்வொன்றும் போகிற போக்கில் கதவையும் கூப்பிட்டுவிட்டுப் போயிற்று. மூன்று விடுமுறை, அதற்கடுத்த திங்கள், ஆக நான்கு நாள் தண்ணீரும் வெள்ளிக்கிழமை தலையிலேயே விழுந்தது. நாடு முழுக்க வேறெங்கும் அந்தத் தப்பு நடந்திருக்காது. வேறெங்கும் பதினாறாம் தேதி லீவு கிடையாது.

"என்னங்க, சோப்பு கண்ணுல போயிடுச்சா?" என்றாள் கல்யாணசுந்தரி.

"ஆமா" என்றார்.

சொல்லிவிடத்தான் போனார். சைக்கிளில் கோவில்பத்திலிருந்து கிளம்பும்போதே வாக்கியத்தைத் தயார் செய்தார். 'சார், தப்பு என்னுது.' மூன்றே வார்த்தை. அலுவலக வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கி, "வணக்கம் கம்ப்யூட்டர் ஐயா! அந்தப் பொண்ணு பண்ணினதுக்கு நீங்க என்ன செய்வீங்க பாவம்" என்றார். வாக்கியம் உள்ளே போய்விட்டது. மறுநாளும் அதே வாக்கியம், அதே வாசல். இப்படியே ஒன்பது வேலைநாள், ஒன்பது தடவை விழுங்கினார். பத்தாம் தடவைக்கு வயிற்றில் இடம் இல்லை. வைத்தியர் நாடி பார்த்து, "எதையோ முழுசா முழுங்கியிருக்கீங்க" என்று கஷாயம் கொடுத்தார்.

கமர் நிஷா பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை. அவளோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். மனிதர் எழுதுவதை மெஷின் பாஷைக்கு மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரோடு கூட வந்த புத்தகம் நான்கு விரற்கடை கனம். பஸ்ஸில் போகும்போது படித்தாள், வரும்போது படித்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எழுந்து வந்தாள்.

"சார், ஒண்ணு கிடைச்சிருக்கு."

"என்னம்மா?"

"ஒரு ரொட்டீனைக் கூப்பிடறவங்க, வேலை முடிஞ்சு எங்க திரும்பணும்னு விலாசம் வச்சுட்டுத்தானே சார் கூப்பிடறாங்க? அந்த விலாசம் மெஷினுக்குள்ள அடுக்குல உக்காந்திருக்கும். நாம எழுதற பாஷைக்கு அது எட்டாது. ஆனா கம்பைலர் தன் மடியிலேயே ஒரு சொல்லை முடிஞ்சு வச்சிருக்கு. அதை நாம எழுதவும் வேண்டாம், வெளியிலேர்ந்து கொண்டு வரவும் வேண்டாம். பேரைச் சொன்னாப் போதும், கம்பைலரே கையை உள்ளே விட்டு அந்த விலாசத்தை எடுத்துக் கொடுத்துடும்."

"ஓகோ."

"பூஜ்யம்னு கேட்டா, என்னைக் கூப்பிட்டது யாரு? ஒண்ணுன்னு கேட்டா, அவங்களைக் கூப்பிட்டது யாரு? ரெண்டுன்னு கேட்டா..."

"புரியுதும்மா. எவ்வளவு தூரம் போகும்?"

"எல்லாத்துக்கும் மேல இருக்கிறவர் வரைக்கும் போகலாம் சார். அதுக்கும் மேல கேட்டா விழுந்துடும்னு புக்குல போட்டிருக்கு."

மெஷினுக்கு முன்னால் தானே விழுந்துவிடுவோம் என்று சிவசுப்பிரமணியனுக்குத் தோன்றியது.

"உங்க லீவு ரொட்டீனை நான் தொட மாட்டேன் சார். என் கதவுக்குள்ள மட்டும்தான் அந்தச் சொல்லைப் போடுவேன். வர்றவங்களை, நீ யாருன்னு கதவே கேட்டுக்கும்" என்றாள். "ஆனா விலாசம் வெறும் நம்பரா வரும். எந்த நம்பர் யாரோட வீடுன்னு பார்க்க மேப் தாள் வேணும். உங்க அலமாரியிலதானே இருந்துச்சு?"

"மேப்பா? அதைப் பார்த்தே எத்தனையோ நாளாச்சே."

"நான் கதவைத் திருத்தினாலும் பழைய மேப்பே போதும் சார். என் ரொட்டீன் தெருக்கோடி வீடு. அதை இடிச்சுக் கட்டினாலும் மத்த வீட்டு நம்பர் மாறாது. அந்தத் தாள் கிடைக்கலேன்னா புதுசு அச்சடிக்கணும். அதுக்கு உங்க ரகசியச் சொல் வேணும்."

"தேடறேம்மா. தேடிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

தேடவே வேண்டாம். அது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில், மேல் தட்டில் இருந்தது. மாலை ஐந்தரை மணிக்கு அது எட்டாக மடிந்து, காலி மோர்ப் பாத்திரத்துக்கு அடியில், அவருடைய சாப்பாட்டுப் பையில் கோவில்பத்துக்குப் போயிற்று. கிழித்துப் போடவும் கை வரவில்லை. பரணில் செருகி வைத்தார். அன்று சைக்கிள் பெடல் மிதிக்கவே கனமாக இருந்தது. ஒரு தாள். எடை போட்டால் அரைப் பலம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாசலில் குரல் கேட்டது.

"சார் இருக்காங்களா அக்கா?"

"வாம்மா, வாம்மா. நீதானே கமரு? ஏங்க, உங்க ஆபீஸ் பொண்ணு வந்திருக்கு!"

சிவசுப்பிரமணியன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதற்குள் கல்யாணசுந்தரி அவளைக் கொல்லைப்பக்கமே அழைத்துப் போய்விட்டாள். அங்கே வெயிலில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அகலமான, ஓரமெல்லாம் வரிசையாகத் துளை போட்ட, வெள்ளையும் பச்சையுமாகக் கோடு ஓடிய தாள் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

"பரண்ல கிடந்துச்சும்மா. இப்படி ஒரு தாளு கடைத்தெருவுல கிடைக்குமா? முறம் ரெண்டு அகலம். மிளகா ஒட்டவும் இல்ல, பாரேன். ஏங்க, இன்னும் நாலு கொண்டாங்க!"

கமர் நிஷா குனிந்து பார்த்தாள். மிளகாய்க்கு நடுவே வரிசையாகப் பெயர்கள், பெயர்களுக்கு எதிரே நம்பர்கள். நிமிர்ந்து சிவசுப்பிரமணியனைப் பார்த்தாள். அவர் கிணற்று ராட்டினத்தைப் பார்த்தார். அதற்கு அப்போதும் எண்ணெய் போடவில்லை.

"என்னம்மா விஷயம்? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?" என்றாள் கல்யாணசுந்தரி.

"சாரை ஒண்ணு கேக்க வந்தேன்க்கா. நாளைக்கு விசாரணை. ஒரு தாளு காணாமப் போயிடுச்சு, புதுசு அடிக்க சார் கொஞ்சம் தயவு பண்ணணும்னு."

"அதுக்கென்ன, பண்ணுவாரு. இவருக்கு உன் மேல ரொம்பப் பிரியம். பதினைஞ்சு நாளா சரியாச் சாப்பிடறதில்ல தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு இப்படி ஆயிடுச்சேன்னுதான் இருக்கும். வெளியில சொல்ல மாட்டாரு."

சிவசுப்பிரமணியனுக்கு அந்த இடத்தில் கிணறு கையெட்டும் தூரத்தில் இருந்தது ஓர் ஆறுதல்.

"வெறுங்கையோட போகாதே. இந்தா, கொஞ்சம் மோர்மிளகா. உம்மாவுக்குப் பிடிக்கும்" என்று கல்யாணசுந்தரி இரண்டு கை அள்ளினாள். பொட்டலம் கட்ட எதையாவது தேடினாள். பிறகு சட்டென்று மிச்ச மிளகாயைப் பக்கத்து முறத்தில் தட்டிவிட்டு, அந்தத் தாளையே எடுத்து மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

"கல்யாணி..." என்றார் சிவசுப்பிரமணியன்.

"என்னங்க?"

எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். "கொஞ்சம் கூடவே போடு" என்றார்.

கமர் நிஷா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "வரேன்க்கா. வரேன் சார். வந்த வேலை முடிஞ்சுடுச்சு."

குரலில் கோபம் எங்காவது இருக்கிறதா என்று அவர் தேடினார். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். எப்போதும் போல 'சார்' என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விசாரணை மெஷின் அறையிலேயே நடந்தது. குஞ்சிதபாதம் மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழாம் வாய்க்கால் சார்பாக இளையபெருமாள் வந்திருந்தார். தாளில் இருந்தபடிதான் திறந்தேன் என்று சாட்சி சொல்ல லஸ்கர் தங்கையன் வந்து, குளிருக்குக் கதவோரம் ஒண்டிக்கொண்டார். கமர் நிஷா மெஷினின் தேதியை ஆகஸ்டு பதினான்குக்குத் திருப்பிவைத்தாள்.

"நாலு தடவை கூப்பிட்டது யாருன்னு கதவே கேக்கும் சார். கடைசித் தடவை வர்ற பதிலை மட்டும் பார்ப்போம். கூப்பிட்டது யாரு, அவங்களைக் கூப்பிட்டது யாரு, அப்படியே மேல."

"மேல போயிக்கிட்டே இருந்தா கடைசியில கடவுள் வருவாராம்மா?" என்றார் குஞ்சிதபாதம்.

"அதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன் சார். விழுந்துடும்."

பிரிண்டர் முழங்கியது. சுற்றறிக்கை அனுப்பாத நேரம் என்பதால் கிளிஞ்சல்மேட்டில் முப்பது படகு கரையேறியது. தாளில் நான்கு நம்பர் விழுந்தது: 4120, 4176, 4176, 2048.

"இதுல என்ன தெரியுது?"

"கடைசி நம்பர் எல்லாத்துக்கும் மேல இருக்கிற மெயின் புரோகிராம் சார். மத்ததுக்கு இப்ப மேப்பைப் பார்க்கணும்." அவள் பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். இரண்டு விதை உருண்டு மேஜையில் விழுந்தது. மோர் காய்ந்த வட்டம் வட்டமான கறை. குஞ்சிதபாதம் மூன்று தும்மல் தும்மினார்.

"என்னம்மா தாளு, காரம் அடிக்குது?"

"பழைய தாள் சார்" என்றாள். பிறகு அதை சிவசுப்பிரமணியன் பக்கம் நகர்த்தினாள். "சார் படிக்கட்டும். அவங்களுக்குத்தான் பழக்கம்."

சிவசுப்பிரமணியன் எழுந்தார். அவள் எதையும் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தாள் எங்கே இருந்தது, யார் கட்டிக் கொடுத்தது, ஒன்றும் சொல்லவில்லை. வாசல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அந்த வாசலில் அவர் இரண்டு பக்கமும் போகலாம். கறைக்கு அடியில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"4120. அது 4096-லேர்ந்து 4223 வரைக்கும் இருக்கிற வீடு. எஸ்.எஸ். லீவு."

"சரி. அந்த ஆளைக் கூப்பிட்டது?"

"4176. அதுவும் அதே வீடுதான் சார். எஸ்.எஸ். லீவு."

"அவனைக் கூப்பிட்டது?"

"அவனேதான் சார். எஸ்.எஸ். லீவு."

"என்னய்யா இது, ஒருத்தனே மாத்தி மாத்திக் கூப்பிட்டுக்கிறான்! யாரு அந்த எஸ்.எஸ்.?"

தங்கையன் கதவோரத்திலிருந்து உதவிக்கு வந்தார். "நம்ம கம்ப்யூட்டர் ஐயாதான் சார் அது. சிவ சுப்பிரமணியன்."

அறை குளிராக இருந்தது. சிவசுப்பிரமணியனுக்கு மட்டும் காது மடல் எரிந்தது. அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் மிதந்த பனிக்கட்டி உருகிவிட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"நான்தான் சார். தேதியை நகர்த்தாம விட்டுட்டேன். அந்தப் பொண்ணு பேர்ல ஒரு குத்தமும் இல்ல."

"சரி விடுங்க. இப்பத்தானே தெரியுது."

"இல்ல சார். தெரிஞ்சு பதிமூணு நாளாச்சு. இந்தத் தாளை எடுத்துட்டுப் போனதும் நான்தான்."

குஞ்சிதபாதம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மோர்மிளகாய் காய வைக்கவா?"

"மறைக்க, சார்."

இளையபெருமாள்தான் தொண்டையைச் செருமினார். "நாத்தங்கால் போனது போயிட்டுது. மறுபடி விதை விட்டாச்சு, விராலையும் தின்னாச்சு. அதுக்காக பொன்னாடையைத் திருப்பிக் குடுங்கன்னு நாங்க கேக்க மாட்டோம் ஐயா. போத்தினது போத்தினதுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

குஞ்சிதபாதம் பேனாவைத் திறந்தார். அவருக்கு அலுவலகத்தின் மானம் பெரிது. "இயந்திரக் கோளாறுன்னு எழுதிடறேன். அந்தப் பொண்ணும் தப்பிச்சா, நீங்களும் தப்பிச்சீங்க. முடிஞ்சுது."

"மெஷின் மேல போடாதீங்க சார். அது கேட்டதும் சொல்லிடுச்சு. நான் சொல்லல."

"அப்ப என்ன எழுதறது?"

"கூப்பிட்டது எஸ்.எஸ்.னு எழுதுங்க சார்."

குஞ்சிதபாதம் எழுதினார். எழுதிக்கொண்டே போனவருக்கு அது ஒரு நல்ல ஏற்பாடாகப் பட்டது. இனிமேல் தினசரித் தாளின் அடியிலும் கூப்பிட்டவர் பெயர் அச்சாக வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார்.

கமர் நிஷாவுக்கு நிரந்தர உத்தரவு பதினைந்தாம் தேதி வந்தது. சிவசுப்பிரமணியன் லீவு ரொட்டீனைத் திருத்தினார். தேதி ஒழுங்காக நகர்ந்தது. தாள் ஒழுங்காக அச்சாயிற்று. ஆனால் நாள்தோறும், தாளின் அடியில், 'கூப்பிட்டது: எஸ்.எஸ்.' என்று விழுந்தது. தங்கையன் அந்தத் தாளை ஒவ்வொரு ஷட்டர் கம்பத்திலும் ஒட்டிவிட்டுப் போனார். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். சைக்கிளில் போகும்போது வரப்பிலிருந்து குரல் வரும்: "என்ன எஸ்.எஸ். ஐயா, இன்னிக்கும் நீங்கதான் கூப்பிட்டீங்களாமே?" கம்ப்யூட்டர் ஐயா என்று அப்புறம் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் கமர் நிஷாவே கேட்டாள். "அந்த வரியை எடுத்துடட்டுமா சார்? ஈ.ஈ. சார் மறந்தே போயிருப்பாங்க."

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

"சரி சார்." போகத் திரும்பியவள் நின்றாள். "மோர்மிளகா நல்லா இருந்துச்சுன்னு உம்மா சொன்னாங்க. அக்காகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

அந்த வரியை நீக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். ரகசியச் சொல் அவரிடம்தான் இருந்தது. இருந்தும் கடைசி வரை அதை நீக்கவில்லை. நாள்தோறும் மாலையில் தாள் வெளியே வந்ததும் முதலில் அடிவரியைப் படிப்பார். தன் பெயர் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் தங்கையன் கையில் கொடுப்பார்.

அந்த அலுவலகக் கட்டடத்துக்கு மின்சார இணைப்பு கிடைத்தது 1989-ஆம் வருஷம், மார்ச் மாதம்.